சிவப்பு அட்டையை மாட்டியவரே கழற்ற வேண்டும்

வட்டம் 19, நெய்வேலி.
புதன்கிழமை.

மைத்துனர் சண்முகசுந்தரம் அவர்களுக்கு அய்யாசாமி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மகள் உமாராணியும் நலம். தங்கள் அக்கா கமலாவின் நலத்தைப் பற்றி என்னைவிடத் தங்களுக்கே அதிகம் தெரியும் என்று நேற்று போனில் தாங்கள் சொல்லிவிட்டதால் அதை நான் எழுதவில்லை. அங்கு தாங்களும், தங்கள் மனைவி பிரபாவதியும், நட்ட வயலும், புதிதாக எடுத்த மாடியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வெள்ளாற்றங்கரைத் தெய்வங்கள் எல்லாம் துணை நிற்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தங்களுக்குத் தோன்றும். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் தாங்கள் கட் பண்ணிவிட்டீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன், வீட்டில் பேப்பர் இருக்கிறது. இதற்கு மேல் ‘தாங்கள்’ போடவும் எனக்குக் கை வரவில்லை. என் கல்யாணத்தன்று அரை டிராயரோடு மணவறையில் ஏறி என் மாலையைப் பிடித்து இழுத்தவன் நீ. நீ என்றே எழுதுகிறேன்.

“எங்க அக்காவக் கொல்லப் பாத்தீங்க மாமா. ஞாயித்துக்கெழம வரேன். வண்டியையும் எடுத்துக்கினு அக்காவையும் கூட்டிக்கினு வந்துடறேன். இனிமே அது எங்க வூட்லயே இருக்கட்டும்” என்றாய். வண்டி உன்னுடையது. எடுத்துப் போக உனக்கு உரிமை உண்டு. கமலா நாற்பது வருஷத்துக்கும் மேலாக என் வீட்டில் இருக்கிறாள், அவளை வண்டியோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. நான் அவளைக் கொல்லப் பார்த்தேனா, காப்பாற்றப் பார்த்தேனா என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். முழுதும் படி. படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, தனியாகத் திரும்பிப் போ.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, திங்களும் வியாழனும் பண்ருட்டிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். பஸ்ஸில் போய்வந்த காலத்தில் ஒருநாள் இறங்கும்போது படிக்கட்டிலேயே மயங்கி விழுந்தாள் என்று கேள்விப்பட்டு, உன் பழைய காரைக் கொண்டுவந்து உமாராணிக்கு வேலையில் கொடுத்த குவார்ட்டர்ஸ் வாசலில் விட்டுவிட்டுப் போனாய். அதை நான் மறக்கவில்லை. நீ மறக்கவிடவும் இல்லை. ஆனால் கொடுக்கும் முன் ஒரு தடவையாவது பானெட்டைத் தூக்கிப் பார்த்தாயா? போன வியாழக்கிழமை பண்ருட்டியிலிருந்து திரும்பி ஆர்ச் கேட் பக்கத்தில் வரும்போது கருகல் வாடை அடித்தது. மெஷினிலிருந்து இறங்கி வந்தால் அவளுக்கு எந்த வாடையும் ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏங்க, எங்கியோ வைக்கல் எரியுது” என்றாள். ரோட்டில் எங்கேயும் எரியவில்லை. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால், உன் ஊர் வைக்கோல். அதை எலி கொண்டுவந்து மெத்தை போட்டிருக்கிறது. அதன்மேல் வருஷக்கணக்காகக் கசிந்த ஆயில், ஆயிலின்மேல் எங்கள் ஊர்க் கரித்தூள், மூன்றும் சேர்ந்து அதிரச மாவு பதத்தில் இருந்தது. அந்த மாவின் ஒரு ஓரம் புகை போகும் குழாயைத் தொட்டுத் தீய்ந்திருந்தது. உன் அக்கா கால் நீட்டி உட்காரும் இடத்துக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் கழுவாமல் விட்டிருந்தால்தான் நீ சொல்கிற பழி எனக்கு வரும்.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. இங்கிலீஷ் படித்ததே சுரங்கத்தில் மாட்டியிருந்த எச்சரிக்கைப் பலகைகளில்தான், அதனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் பாதிக்கு ஆபத்து என்றும் மீதிக்குத் தொடாதே என்றும் அர்த்தம். வண்டியோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். உமாராணி போனில் வீடியோவும் போட்டுக் காட்டினாள். அதில் ஒரு பையன், ஓடி வந்து நின்ற சூட்டோடு பானெட்டைத் திறந்து, லாரி கழுவுகிற பம்பால் பீச்சி அடிக்கிறான். பேட்டரியைக் கழற்றவில்லை, எதையும் மூடவில்லை, சிரிக்க வேறு செய்கிறான். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பதும், அந்த வேகத்தில் அடித்தால் ஒயர் ஜாயின்ட் ஒன்று பாக்கியில்லாமல் தண்ணீர் ஏறும் என்பதும் அவனுக்குத் தெரியாது. லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்திருக்கிறார்களாம். அத்தனை வண்டியும் இப்போது எந்த ரோட்டில் நிற்கிறதோ.

என் முறை வேறு. இன்ஜின்மேல் வெறுங்கையை வைத்தால் குழந்தையின் நெற்றிபோல் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். தண்ணீர் போகக் கூடாத இடங்களான ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று இழுக்கும் குழாயின் வாய் எல்லாவற்றையும் பை போட்டுக் கட்ட வேண்டும். குப்பையைக் கையால் எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து, பூவாளியில் விடுகிற மாதிரி கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, துணியால் ஒற்றி, வெயிலில் திறந்துபோட வேண்டும். இவ்வளவுக்கும் முதல் வேலையாக ஸ்டீரிங்கில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும்.

அட்டை என்றால் உனக்குச் சிரிப்பு வரும். சுரங்கத்தில் ஒரு பெல்ட்டையோ மோட்டாரையோ தொடும் முன் ஸ்விட்சைப் பிடுங்கி, ‘ஆள் வேலை செய்கிறார், ஓட்டாதே’ என்ற சிவப்பு அட்டையை மாட்டி, அதில் வேலை செய்பவர் பெயரை எழுத வேண்டும். மாட்டியவர் எவரோ அவரே கழற்ற வேண்டும். சூப்பிரண்டெண்ட் வந்தாலும் தொடக் கூடாது. அட்டை தொங்கும்வரை அந்த இடத்தில் ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். கழற்றும் முன் உள்ளே போன ஆளும் சாமானும் வெளியே வந்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். என்னோடு வேலை செய்த கருப்பசாமி இந்த முறையில் முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் இருந்து, ரிட்டையர் ஆன பிறகு சும்மா இருக்க முடியாமல் ஒரு அரிசி மில்லில் வேலைக்குப் போனான். பெல்ட்டில் சிக்கிய உமியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது யாரோ வந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். அங்கே அட்டை இல்லை. இப்போது அவன் இடது கையால் சாப்பிடுகிறான். யார் வீட்டு விசேஷத்துக்கும் வருவதில்லை, இலையில் உட்காரக் கூச்சமாக இருக்கிறதாம். இதையெல்லாம் நினைத்துத்தான் உன் மகள் அருள்மொழியின் கல்யாணத்தில், சமையல் கொட்டகையில் அத்தனை கேஸ் சிலிண்டர் நிற்கிறதே, பக்கத்தில் ஒரு வாளி மணல் வை என்று சொன்னேன். நீ சம்பந்தி வீட்டார் முன்னால், “மாமா, இது மைன்ஸ் இல்ல, கல்யாணம்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் சம்பந்தி பாயசத்தைச் சிந்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்குச் சொன்னேன், இனி உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று. இன்றுவரை மிதிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அட்டையை மாட்டி வேலையைத் தொடங்கினேன். சாவியையும் பேட்டரி நட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூடிக் கட்டுவதற்கு உன் மகள் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பைகளைக் கமலாவிடம் கேட்டு வாங்கினேன், அவள் எதையும் தூக்கிப்போட மாட்டாள். தேங்காய் போட்டால் கிழிகிற பை என்றாலும் இந்த வேலைக்கு ஆயிற்று. வைக்கோலை அள்ளும்போது அதன் நடுவில் எலிக்குஞ்சுகள் கண் திறக்காமல் சிவப்பாக நெளிந்தன. கொல்ல மனமில்லாமல் ஒரு தேங்காய்த் தொட்டியில் வைக்கோலோடு எடுத்து வேலியோரம் வைத்தேன். நான் திரும்பி பிரஷ்ஷை எடுப்பதற்குள் காக்கை வந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கமலா அன்று டிபன் வேண்டாம் என்றாள். அதற்கும் நான்தான் காரணம் என்றால் காக்கைக்கு ஒரு கடிதம் எழுது.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்த உமாராணி, அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும், வண்டியைக் கொடுங்கள் என்றாள். அட்டை தொங்குகிறது என்றேன். “அப்பா, அத மாட்டினது நீங்கதானே, நீங்களே கழட்டுங்க” என்றாள். வேலை முடியாமல் கழற்றக் கூடாது என்றேன். அவள் கைனடிக் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனாள். நான் அட்டைக்குக் காவலாக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் போனவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவி முடித்தேன். நீ அந்த இன்ஜினைப் புதிதாக வாங்கியபோதுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாய். துணியால் ஒற்றி, கட்டிய பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து கமலா கூப்பிட்டாள். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டுவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான் வரும், வந்தால் கல்லாக இறுகிவிடும். தரையில் உட்கார்ந்து அது இளகும்வரை நீவிவிட்டேன். தூங்கிவிட்டாள். எழுந்துவந்து, எல்லாம் சரி பார்த்து, நெகட்டிவ் ஒயரைக் கடைசியில் மாட்டி, பானெட்டை மூடி, முறைப்படி அட்டையைக் கழற்றினேன். இதில் எங்கே தப்பு நடந்தது என்று நீ ஒன்றைச் சொல்.

திங்கட்கிழமை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் இழுவை இல்லை. ஆர்ச் கேட் தாண்டி பண்ருட்டி ரோட்டில் திரும்பியதும் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைகிறது. மாட்டு வண்டிகூட ஹாரன் அடிக்கிற நிலை. கமலாவுக்கு வாரக் கடைசியில் உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும், வண்டிக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி இரைத்தது. முத்தாண்டிக்குப்பம் போவதற்கு முன்னால், நிழல் இல்லாத ஒரு இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது. பஸ் ஒன்று நிற்காமல் போயிற்று. அப்போது ஹபீப் முகமது பாய் தன் குட்டி யானை வேனில் பண்ருட்டி மண்டிக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் பழைய பழக்கம். நிறுத்தி, வண்டியைச் சுற்றிப் பார்த்து, இன்ஜின் பளபளப்பைப் பார்த்து, “இன்னாண்ணே, வண்டியக் குளிப்பாட்டி சளி புடிக்க வச்சிட்டீங்களா” என்றார். கமலாவைத் தூக்காத குறையாக முன்னால் உட்காரவைத்தோம். அங்கே இன்னொருவருக்கு இடம் இல்லை. நான் பின்னால் பலாப்பழத்தின்மேல் உட்கார்ந்து போனேன். எழுபது வயதில் ஒரு மனிதன் பலாப்பழத்தின்மேல் உட்கார்ந்து பண்ருட்டிவரை போனால் என்ன ஆகும் என்று விவரிக்க இந்தக் கடிதம் போதாது.

நான் பின்னால் இருந்த காரணத்தால்தான் முன்னால் நடந்தது எனக்குத் தெரியவில்லை. வண்டிக்குள் ஒரு பழம் வெடித்து மணத்துக்கொண்டிருந்திருக்கிறது. சிறுநீரக நோயாளிக்குப் பலா விஷம், அதில் இருக்கிற பொட்டாசியம் நெஞ்சை நிறுத்திவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லி, இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்குள் ஒரு சுளையை நான் விட்டதில்லை. கமலா பாயிடம் கேட்டிருக்கிறாள். அவருக்கு என்ன தெரியும், பாவம், பசி போல என்று உரித்துக் கொடுத்திருக்கிறார். எத்தனை சுளை என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது எங்கள் நேரம் தப்பி, கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். மதியத்துக்கு மேல்தான் இடம் கிடைத்தது. ஊசி குத்த வந்த நர்ஸ் மூக்கைச் சுளித்து, “யாரு இங்க பலாப்பழம் சாப்ட்டது” என்றாள். என் சட்டை முழுதும் பலாப்பால், நான் கையைத் தூக்கினேன். அவள் கமலாவின் விரலை மோந்து பார்த்தாள். அதற்குப் பிறகு ஓடினார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். டீவி மாதிரிப் பெட்டியில் ஓடுகிற கோடு, சுரங்கத்தில் பெல்ட் சரியாமல் ஓடுகிறதா என்று பார்த்த எனக்கு நன்றாகவே படிக்க வரும், அது ஒழுங்காக ஓடவில்லை. தூக்கித் தூக்கிப் போட்டது. என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். ஒரு கட்டத்தில் கமலா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “நல்லா இனிச்சிதுங்க” என்றாள். கட்டிலில் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கு அங்கேயே வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள். உமாராணி உனக்குப் போன் செய்தது அப்போதுதான்.

வண்டியைப் பாய் தன் குட்டி யானையில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுவந்து வாசலில் விட்டார். உடனே அட்டையை மாட்டினேன். நேற்று மாலை உமாராணி, மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். அவன் வந்ததும் வராததுமாகப் பானெட்டில் கை வைத்தான். என் பெயரில் அட்டை தொங்கும்போது இன்னொரு ஆள் தொடுவதானால், பெயரும் நேரமும் எழுதி எனக்கு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்துவிட்டுத் தொடு என்றேன். “பானெட்டு தொறக்க பாஸ்போர்ட்டு கேக்கறீங்களே பெரியவரே” என்றான். எழுத மாட்டாயா என்றேன். மாட்டேன் என்றான். போ என்றேன். போய்விட்டான். “அப்பா, ஒரு நிமிஷம் அவரு பாத்திருந்தா போதும். நாளான்னைக்கு அம்மாவ எதுல கூட்டிக்கினு போவீங்க” என்று உமாராணி கேட்டாள். அவள் அழுத மாதிரி இருந்தது, ஷிப்ட் களைப்பாகவும் இருக்கலாம். வாடகைக்குக் கார் பேசிவிட்டேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். கழுவியதற்கும் வண்டி நின்றதற்கும் சம்பந்தம் இல்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது. நீ அதில் நெல் மூட்டை ஏற்றி நுரையீரலைக் கெடுத்துவிட்டாய். உன் ஊரில் நீ போட்ட டீசலில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும். ஆயில் மாற்றிய சுவடே இல்லை. இத்தனை வருஷ அலட்சியத்தை நான் இரண்டு நாளில் கழுவி வெளியே எடுத்துவிட்டதால், அழுக்கின் பிடிப்பில் நின்றுகொண்டிருந்த இன்ஜின் தளர்ந்துவிட்டது. இதுதான் என் முடிவு. எந்த மெக்கானிக் வந்து சொன்னாலும் இதை மாற்றுவதாக இல்லை.

ஆகவே கமலா உன் வீட்டுக்கு வர மாட்டாள். அங்கிருந்து சிதம்பரம் பக்கம், நல்ல டாக்டர் இருக்கிறார், மாடியில் காற்று வருகிறது என்றெல்லாம் நீ சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குக் குடிக்க எவ்வளவு தண்ணீர் என்று டம்ளரில் கோடு போட்டுவைத்திருப்பது நான். பொட்டாசியம் போகக் காய்கறியை இரண்டு தண்ணீர் கொட்டி வேகவைக்கத் தெரிந்தது நான். எந்தக் கையில் ஊசி குத்தலாம், எந்தக் கையில் வளையல்கூடப் போடக் கூடாது என்று தெரிந்தது நான். உன் வீட்டில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? “அம்மாவக் கேட்டீங்களாப்பா” என்கிறாள் உமாராணி. நாற்பது வருஷமாகக் கேட்காமலே தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன். நானும் உன் வீட்டுப் படி மிதிக்கப்போவதில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை வந்தால் மோர் உண்டு, சாப்பாடு உண்டு, வண்டிச் சாவி உண்டு. அவ்வளவுதான்.

பிரபாவதிக்கும், அருள்மொழிக்கும், மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். வயலில் இந்தப் போகம் பூச்சி அண்டாமல் இருக்கட்டும். மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை என்று கேள்வி, யாராவது விழுவதற்குள் வைக்கவும்.

இப்படிக்கு,
உன் அக்காளின் கணவன்,
அய்யாசாமி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, வண்டி எந்த வருஷத்தது என்பதையும் அத்தாட்சியாகச் சேர்க்கலாம் என்று, அட்டையை நானே கழற்றி டீவிமேல் வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைத் தேடினேன். முன்விளக்குக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், காற்று இழுக்கும் குழாயின் வாயில் தாம்பூலப் பை கட்டியபடி இருந்தது. மணமக்கள் பெயர் வெளியே தெரிந்தது, பையில் அச்சடித்த பிள்ளையார் குழாய்க்குள் இழுபட்டுப் போயிருந்தார். துணி மாதிரிப் பை, அதன் வழியாகக் கொஞ்சம் காற்று போய்த்தான் அவ்வளவு தூரமாவது ஓடியிருக்கிறது. அவிழ்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. இரைப்பு இல்லை. ஆகவே வண்டியின் வயது, நெல் மூட்டை, டீசல் பற்றி மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். எழுதியதைக் கிழிக்கும் வழக்கம் எனக்கு இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். பை உன் வீட்டுப் பை என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

சத்தம் கேட்டுக் கமலா வெளியே வருவாள் என்று இன்ஜினை ஓடவிட்டு நின்றேன். வரவில்லை. உள்ளே போனேன். கட்டிலில் அவள் சூட்கேஸ் பூட்டித் தயாராக இருந்தது. அதன் கைப்பிடியில் என் சிவப்பு அட்டை. அதில் என் பெயரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸில் கமலா என்று எழுதியிருந்தாள். இது என்ன என்று கேட்டேன். “நான் மாட்டினது. நீங்க கழட்டக் கூடாது” என்றாள். வண்டி ஓடுகிறது என்று சொன்னேன். “கேட்டுச்சுங்க. நான் வண்டிக்காகப் போவல. தம்பி எனக்கும் போன் போட்டான். ரெண்டு வருசமா என்ன நீங்க ரிப்பேர் பாத்துக்கினே இருக்கீங்க. கொஞ்ச நாளு அவன் வூட்ல சும்மா படுத்துக்கினு இருக்கறேன்” என்றாள். எத்தனை நாள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடமும் இதே கேள்வியைக் கேட்டேன், அவரும் சொல்லவில்லை.

மாட்டியவரே கழற்ற வேண்டும் என்பது நான் எவருக்காகவும் மாற்றாத சட்டம். அட்டை தொங்கும்வரை ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். நீ பஸ் ஏறி வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளையும் பெட்டியையும் நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். பெட்டி உள்ளே போகும்போது காவல் ஆள் வெளியே நிற்க முடியாது, ஆகவே படி மிதிப்பது பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருப்பதையும் விட்டுவிட்டுப் படி. எனக்குக் கட்டில் வேண்டாம், அவள் பக்கத்தில் ஒரு பாய் போதும். வீட்டில் பலாப்பழம் இருந்தால் நாங்கள் வருவதற்குள் அப்புறப்படுத்து. அடுப்படியில் ஒரு வாளி மணல் வை.